பிபிடியு எங்கே நின்றுபோனது? ஸ்பேனிங் ட்ரீ கோளாறுகளை அறிகுறி கொண்டு கண்டறியும் வழிமுறை

ஒரு கேபிள் அறுந்தாலும் வேலை தடைப்படக் கூடாது என்பதற்காகத்தான் இரண்டு ஸ்விட்ச்களுக்கு இடையே இரண்டாவது கேபிளைப் போடுகிறோம். அந்த இரண்டாவது கேபிளே சுழலுக்கு வழி திறந்துவிடுகிறது. ஐபி பாக்கெட்டில் ஒவ்வொரு ரவுட்டரைக் கடக்கும்போதும் ஒன்று குறையும் ஆயுட்கணக்கு உண்டு. ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி எதுவும் கிடையாது. ஆகையால் சுழலில் சிக்கிய ஒரு பிராட்காஸ்ட் ஃபிரேம் (எல்லோருக்கும் அனுப்பப்படுவது), கேபிளைப் பிடுங்கும் வரை சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஸ்விட்சிலும் நகலெடுக்கப்பட்டுப் பெருகிக்கொண்டும் இருக்கும். இதைத் தடுக்க, டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ராடியா பெர்ல்மன் 1985-இல் உருவாக்கிய முறையே ஸ்பேனிங் ட்ரீ. மிகையான இணைப்புகளைத் தடுப்பில் வைத்து, சுழலற்ற மரம் போன்ற பாதையை மட்டும் அது திறந்துவைக்கும். 1990-இல் அது ஐஇஇஇ 802.1டி என்ற தரநிலையாகவும், 2001-இல் 802.1டபிள்யூ என்ற விரைவு வடிவமாகவும் வந்தது.

கோளாறு தேடப் போகும் முன் இந்த நெறிமுறையின் இயல்பு ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. ஒரு போர்ட் தடுப்பு நிலையில் நிற்பது, எதிர்முனையிலிருந்து 2 நொடிக்கு ஒருமுறை வரும் பிபிடியு என்ற அறிவிப்பைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருப்பதால்தான். அந்த அறிவிப்பு நின்றுவிட்டால், எதிரே ஸ்விட்ச் எதுவும் இல்லை என்று கருதி அந்தப் போர்ட் தன்னைத் திறந்துகொள்ளும். அறிவிப்பு வராததை ஆபத்து என்று அது எடுத்துக்கொள்வதில்லை, அனுமதி என்றே எடுத்துக்கொள்கிறது. கீழே சொல்லப்படும் அறிகுறிகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பிபிடியு வரவேண்டிய இடத்தில் வராமல் போனதா, வரக்கூடாத இடத்தில் வந்ததா?

சிக்கல் வந்தவுடன் ஸ்பேனிங் ட்ரீயையே அணைத்துவிட்டு, 'இப்போது சரியாகிவிட்டது' என்று சொல்பவர்களை நான் பல இடங்களில் சந்தித்திருக்கிறேன். அணைத்த பிறகு எல்லாம் ஓடுவது, அந்த நேரத்தில் சுழல் எதுவும் இல்லை என்பதற்கு மட்டுமே சான்று. அடுத்த கேபிளை யார், எப்போது, எந்தத் துளையில் செருகுவார்கள் என்பது நம் கையில் இல்லை.

கீழே வரும் கட்டளைகள் சிஸ்கோ கேட்டலிஸ்ட் ஸ்விட்ச்களுக்கு உரியவை. பிற நிறுவனத்தாரின் ஸ்விட்ச்களில் சொற்கள் மாறினாலும் கேட்க வேண்டிய கேள்விகள் மாறா.

அறிகுறி: எல்லா விளக்குகளும் ஒன்றாக மின்னுகின்றன, எதுவும் திறக்கவில்லை

ராக்கில் உள்ள ஸ்விட்ச்கள் அனைத்திலும் போர்ட் விளக்குகள் விட்டுவிட்டு மின்னாமல், ஒரே வேகத்தில் ஏறக்குறைய நிலையாக எரிவது போலத் தெரியும். பிங் போகாது, ஐபி போன்கள் பதிவை இழக்கும், எஸ்எஸ்எச் வழியாக ஸ்விட்சுக்குள் நுழையவும் முடியாது. இது சுழல்.

முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். எல்லா ஸ்விட்ச்களையும் அணைத்து மீண்டும் இயக்காதீர்கள். சுழலை உண்டாக்கிய கேபிள் அதே இடத்தில் இருப்பதால் சில நிமிடங்களில் அது திரும்பி வரும். காரணத்தைக் காட்டக்கூடிய பதிவுகள் மட்டும் ஸ்விட்சின் நினைவிலிருந்து அழிந்துபோகும்.

கன்சோல் கேபிளை எடுத்துக்கொண்டு, நெட்வொர்க்கின் மையத்தில் உள்ள கோர் ஸ்விட்சுக்கு நேரில் செல்ல வேண்டும். 'ஷோ இன்டர்ஃபேசஸ்' கட்டளையில் ஒவ்வொரு போர்ட்டின் உள்வரும் வேகத்தையும் பார்த்தால், சில போர்ட்கள் தம் முழுக் கொள்ளளவை எட்டிய நிலையில் இருக்கும். 'ஷோ லாகிங்' பதிவில், ஒரே மேக் முகவரி (சாதனத்தின் வன்பொருள் முகவரி) இரண்டு போர்ட்களுக்கு இடையே மாறி மாறித் தாவுவதைச் சொல்லும் மேக்ஃபிளாப் அறிவிப்புகள் நிறைந்திருக்கும். அந்த இரண்டு போர்ட்களில் ஒன்றுதான் சுழலுக்கு இட்டுச் செல்லும் வழி. ஒன்றிரண்டு மேக்ஃபிளாப் அறிவிப்புகளைக் கண்டு பதற வேண்டாம். வைஃபையில் ஒரு மடிக்கணினி ஓர் அக்சஸ் பாயின்ட்டிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்தாலும், மெய்நிகர் சர்வர் ஒன்று இடம் மாறினாலும் இதே அறிவிப்பு வரும். பல முகவரிகள் ஒரே ஜோடிப் போர்ட்களுக்கு இடையே நொடிக்கு நொடி தாவினால்தான் அது சுழல்.

அடுத்ததாக, கோரிலிருந்து வெளிநோக்கி, இரட்டை இணைப்புகளில் ஒன்றை மட்டும் 'ஷட்டவுன்' செய்துகொண்டே போக வேண்டும். ஒவ்வொன்றையும் மூடிய பிறகு சில நொடிகள் பொறுத்து வேகம் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்துவிட்டால், கடைசியாக மூடிய இணைப்பு சுழலின் ஒரு பகுதி என்று உறுதியாகும். எந்த இணைப்பை எத்தனை மணிக்கு மூடினோம் என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவசரத்தில் எழுதாமல் விட்டவர்கள், சுழல் நின்ற பிறகு எதைத் திறப்பது என்று தெரியாமல் மறுபடியும் சுழலை வரவழைத்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

சுழல் நின்றபின்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. தடுப்பில் இருக்க வேண்டிய போர்ட் ஏன் திறந்தது? நான் சந்தித்த காரணங்களை, அடிக்கடி வருவது முதலாகச் சொல்கிறேன்.

மேசைக்கு அடியில் இருக்கும் ஐந்து போர்ட் மலிவு ஸ்விட்ச்தான் முதல் சந்தேகத்துக்கு உரியது. அதன் இரண்டு துளைகளை ஒரே கேபிளால் யாரோ இணைத்திருப்பார்கள். பிபிடியு செல்லும் 01:80:சி2:00:00:00 என்ற முகவரி தரநிலைப்படி ஒதுக்கப்பட்டது. அதற்கு வரும் ஃபிரேமைச் சில மலிவு ஸ்விட்ச்கள் விழுங்கிவிடும், சில மற்ற எல்லாப் போர்ட்களுக்கும் அனுப்பிவிடும். அனுப்பும் வகையாக இருந்தால், நம் ஸ்விட்ச் தான் அனுப்பிய பிபிடியு தன் போர்ட்டுக்கே திரும்புவதைக் கண்டு அதை மூடிவிடும். விழுங்கும் வகையாக இருந்தால் ஸ்பேனிங் ட்ரீக்கு அந்தச் சுழல் தெரியவே தெரியாது. இங்கே துணை செய்வது பிராட்காஸ்டுக்கு உச்சவரம்பு வைக்கும் 'ஸ்டார்ம்-கன்ட்ரோல் பிராட்காஸ்ட் லெவல்' என்ற கட்டளை. பயனர் போர்ட்களில் அதை ஒரு விழுக்காடு அளவில் வைப்பது என் வழக்கம். 1 ஜிகாபிட் போர்ட்டில் அது 10 மெகாபிட். ஒரு கணினி இயல்பாக அனுப்பும் பிராட்காஸ்டுக்கு அது மிகத் தாராளம். ஐபி போனும் ஏறத்தாழ இதே வகைதான். அதற்குள் இருக்கும் சிறு ஸ்விட்சின் இரண்டு துளைகளையும் சுவரில் உள்ள இரண்டு இணைப்புகளில் செருகிவிட்டால், நம் ஸ்விட்சின் இரண்டு போர்ட்கள் ஒன்றாகிவிடும்.

இரண்டாவது காரணம் ஒருவழி ஃபைபர். ஃபைபர் ஜோடியில் ஓர் இழை மட்டும் கெட்டு, ஒரு பக்கம் அனுப்புவது மறுபக்கம் சேராமல், மறுபக்கம் அனுப்புவது மட்டும் வந்துகொண்டிருக்கும். இரு முனையிலும் விளக்கு எரியும் நிலைகூட இடையில் ஒரு மீடியா கன்வெர்ட்டர் இருந்தால் உண்டாகலாம். தடுப்பில் இருக்கும் போர்ட்டுக்குப் பிபிடியு வருவது நின்றுவிடும். பழைய முறையில் அது 20 நொடி பொறுத்து, பின்பு 15 நொடி கேட்டு, 15 நொடி கற்று, 50-வது நொடியில் திறந்துகொள்ளும், சுழல் பிறக்கும். விரைவு முறையில், எதிர்முனை தன் சொல்லைக் கேட்கவில்லை என்பதை உணர்ந்து போர்ட்டை மூடும் 'டிஸ்பியூட்' என்ற ஏற்பாடு இருப்பதால் ஆபத்து குறைவு. இருந்தாலும் ஃபைபர் இணைப்புகளில், ஒருவழியாகிவிட்ட இணைப்பைக் கண்டறியும் யுடிஎல்டி-யையும், தடுப்பில் நிற்கும் போர்ட்களில் லூப் கார்டையும் நான் தவறாமல் போடுகிறேன். லூப் கார்டு உள்ள போர்ட், பிபிடியு நின்றால் திறந்துகொள்ளாமல் 'லூப் இன்கன்சிஸ்டென்ட்' என்ற நிலைக்குப் போய்க் காத்திருக்கும்; பிபிடியு மீண்டும் வந்தவுடன் தானே பழைய நிலைக்குத் திரும்பும்.

மூன்றாவது காரணம் நாமே செய்துகொள்வது. ஒரு போர்ட்டில் 'ஸ்பேனிங்-ட்ரீ பிபிடியுஃபில்டர் எனேபிள்' என்று எழுதிவிட்டால், அந்தப் போர்ட் பிபிடியுவை அனுப்பவும் செய்யாது, ஏற்கவும் செய்யாது. அங்கே ஸ்பேனிங் ட்ரீயை அணைத்ததற்கு ஒப்பாகும். முழு ஸ்விட்சுக்கும் சேர்த்து இயல்பாக அமைக்கும் வடிவம் இதிலிருந்து வேறானது. அது போர்ட்ஃபாஸ்ட் போர்ட்களுக்கு (காத்திருக்காமல் உடனே திறக்கும்படி அமைத்த பயனர் போர்ட்களுக்கு) மட்டுமே பொருந்தும்; பிபிடியு வந்துவிட்டால் ஃபில்டரை விலக்கிக்கொண்டு வழக்கமான போர்ட்டாகிவிடும். பெயர் ஒன்றாக இருப்பதால் இவ்விரண்டையும் மாற்றிப் போட்டுவிடுபவர்கள் பலர். 'ஷோ ரன்னிங்-கான்ஃபிக்' வெளியீட்டில் இந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள்.

நான்காவது, பல கேபிள்களை ஒரே இணைப்பாகச் சேர்க்கும் ஈதர்சேனல். ஒரு முனையில் 'மோட் ஆன்' என்று கட்டாயமாகச் சேர்த்து, மறுமுனையில் சேர்க்காமல் விட்டால், ஒரு பக்கம் ஒரே இணைப்பாகவும் மறுபக்கம் தனித்தனி இணைப்புகளாகவும் கருதும். இரு முனைகளும் பேசி ஒப்புக்கொள்ளும் எல்ஏசிபி-யை 'ஆக்டிவ்' முறையில் இரு முனையிலும் வைத்தால், எதிர்முனை ஒப்புக்கொள்ளாமல் சேனல் உருவாகாது. 'ஆன்' முறையை நான் எங்கும் பயன்படுத்துவதில்லை.

அறிகுறி: நெட்வொர்க் ஓடுகிறது, ஆனால் காரணம் தெரியாமல் மெதுவாக இருக்கிறது

இந்த அறிகுறிதான் அதிக நாள் கவனிக்கப்படாமல் கிடக்கும். முதலில் கேட்க வேண்டியது: மரத்தின் மையமான ரூட் ஸ்விட்ச் எது? 'ஷோ ஸ்பேனிங்-ட்ரீ ரூட்' என்ற கட்டளை ஒவ்வொரு விலேனுக்கும் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்குக்கும்) ரூட்டின் அடையாளத்தையும், அதை நோக்கிய போர்ட்டையும் காட்டும். அந்தப் போர்ட்டின் மறுமுனையில் யார் என்று 'ஷோ சிடிபி நெய்பர்ஸ்' மூலம் அறிந்து, அங்கே நுழைந்து அதே கட்டளையைக் கொடுத்து, 'ஷோ ஸ்பேனிங்-ட்ரீ' வெளியீட்டில் 'திஸ் பிரிட்ஜ் இஸ் தி ரூட்' என்ற வரியைக் காணும் வரை போக வேண்டும்.

பிரயாரிட்டி எண்ணும் மேக் முகவரியும் சேர்ந்ததே ஸ்விட்சின் அடையாளம். சிறிய எண்ணுக்கே வெற்றி. யாரும் எதையும் அமைக்காவிட்டால் எல்லா ஸ்விட்ச்களுக்கும் பிரயாரிட்டி 32768. விலேன் எண்ணும் அதோடு சேர்வதால் விலேன் 1-இல் 32769 என்று தெரியும். பிரயாரிட்டி சமமாக இருக்கும்போது மேக் முகவரி முடிவு செய்கிறது. நிறுவனங்கள் தமக்கு ஒதுக்கப்பட்ட முகவரிகளைப் பெரும்பாலும் வரிசையாகப் பயன்படுத்தி வருவதால், கூட்டத்திலேயே பழைய ஸ்விட்ச் ரூட்டாகிவிடும் வாய்ப்பு அதிகம். அதாவது, வலிமை குறைந்த பெட்டியே மையமாகிவிடும்.

நான் பார்த்த ஒரு கல்லூரி வளாகத்தில், மின்னலில் ஒரு ஸ்விட்ச் கருகிப்போன இரவில், சேமிப்பறையில் கிடந்த பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச் ஒன்றைத் தற்காலிகமாகப் பொருத்தினார்கள். மறுநாளிலிருந்து இரண்டு கட்டடங்களுக்கு இடையே கோப்பு நகலெடுப்பது பத்தில் ஒரு பங்கு வேகத்துக்குச் சரிந்தது. சர்வரையும், வைரஸையும், இணைய இணைப்பையும் சோதித்து இரண்டு வாரம் போனது. யாரும் 'ரூட் எது' என்று கேட்கவில்லை.

நடந்ததைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். பழைய அளவீட்டில் 100 மெகாபிட் இணைப்பின் செலவு 19. 1 ஜிகாபிட் இணைப்பின் செலவு 4. இரண்டு கோர் ஸ்விட்ச்களும் ஒன்றோடொன்று 1 ஜிகாபிட்டில் இணைந்திருந்தன. பழைய ஸ்விட்ச் இரண்டு கோர்களுக்கும் தலா ஒரு 100 மெகாபிட் கேபிளால் இணைந்திருந்தது. அது ரூட்டானவுடன், முதல் கோர் ரூட்டை அடைய நேர்வழியில் 19, இரண்டாம் கோர் வழியாக 4-உம் 19-உம் சேர்ந்து 23. இரண்டாம் கோருக்கும் இதே கணக்கு. ஆகவே இரண்டு கோர்களும் நேர்வழியைத் தேர்ந்தெடுத்தன; கோர்களுக்கு இடையிலான 1 ஜிகாபிட் இணைப்பு, எல்லாவற்றிலும் சிறந்த அந்த இணைப்பு, தடுப்புக்குப் போய்விட்டது. கட்டடங்களுக்கு இடையிலான போக்குவரத்து முழுவதும் அந்தப் பழைய பெட்டிக்குள் ஏறி இறங்கியது. ஸ்பேனிங் ட்ரீ தன் விதியிலிருந்து இம்மியும் பிசகவில்லை. ரூட் யார் என்று நாம் சொல்லாமல் விட்டோம். அது ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது.

தீர்வு இரண்டு வரிகள். முதல் கோரில் 'ஸ்பேனிங்-ட்ரீ விலேன் 1-4094 பிரயாரிட்டி 4096'. இரண்டாம் கோரில் அதே கட்டளை, எண் மட்டும் 8192. பிரயாரிட்டி 4096-இன் மடங்காகவே இருக்க வேண்டும். 'ரூட் பிரைமரி' என்ற சுருக்கக் கட்டளையும் உண்டு. பல பாடங்கள் அதையே சொல்லிக்கொடுக்கின்றன. அது கொடுக்கப்படும் தருணத்தில் இருக்கும் ரூட்டைப் பார்த்து 24576 என்றோ, ரூட்டின் எண் ஏற்கெனவே அதைவிடத் தாழ்ந்திருந்தால் அதிலிருந்து 4096 குறைத்தோ எழுதிவிட்டு ஓய்ந்துவிடும். பிறகு குறைந்த எண்ணோடு வேறொருவர் வந்தால் எதிர்த்து நிற்காது. எண்ணை நேரடியாக எழுதுவதே தெளிவு என்பது என் கருத்து. இரண்டு கோர்களும் கேட்வே வேலையைப் பகிர்ந்துகொள்ளும் எச்எஸ்ஆர்பி-யில் செயலில் இருக்கும் கோரும் ரூட்டும் ஒன்றாக இருக்கட்டும். இல்லையெனில் ஒவ்வொரு பாக்கெட்டும் கோர்களுக்கு இடையே வீணாக ஒருமுறை தாண்டும்.

ரூட்டை மாற்றும்போது மரம் முழுவதும் மறுபடி கணக்கிடப்படும் என்பதால், வேலை நேரத்தில் இதைச் செய்யாதீர்கள். செய்து முடித்தபின், கோரிலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் போர்ட்களில் ரூட் கார்டைப் போடுங்கள். அங்கிருந்து மேலான பிபிடியு வந்தால் அந்தப் போர்ட் 'ரூட் இன்கன்சிஸ்டென்ட்' நிலையில் மூடப்படும். அது வருவது நின்றவுடன் தானே திறக்கும். ஒரே போர்ட்டில் ரூட் கார்டும் லூப் கார்டும் சேர்ந்து இயங்கா. தடுப்பில் நிற்க வாய்ப்புள்ள மேல்நோக்கிய போர்ட்டில் லூப் கார்டு, கீழ்நோக்கிய போர்ட்டில் ரூட் கார்டு என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

வேறு வேறு நிறுவனத்தாரின் ஸ்விட்ச்கள் கலந்த இடத்தில் இன்னொன்றையும் பாருங்கள். ஒன்று 1 ஜிகாபிட்டுக்கு 4 என்றும், மற்றொன்று புதிய நீள அளவீட்டின்படி 20000 என்றும் எண்ணினால், ரூட் சரியான இடத்தில் இருந்தும் பாதைகள் கோணலாகும். எல்லா இடத்திலும் 'ஸ்பேனிங்-ட்ரீ பாத்காஸ்ட் மெத்தட் லாங்' என்று ஒரே அளவீட்டுக்கு வந்துவிடுங்கள்.

அறிகுறி: கணினியை இயக்கியவுடன் 169.254 என்று தொடங்கும் முகவரி வருகிறது

கேபிளைக் கழற்றிச் சற்று நேரம் கழித்துச் செருகினாலோ, கணினியில் முகவரியைப் புதுப்பித்தாலோ சரியாகிவிடும். போர்ட் 15 நொடி கேட்டு, 15 நொடி கற்கும் அந்த 30 நொடிக்குள், கணினி ஐபி முகவரி கேட்டு அனுப்பும் டிஎச்சிபி வேண்டுகோள்கள் தீர்ந்துபோகின்றன; பதில் வராததால் கணினி 169.254 முகவரியைத் தனக்குத் தானே சூட்டிக்கொள்கிறது. பயனர் போர்ட்களில் 'ஸ்பேனிங்-ட்ரீ போர்ட்ஃபாஸ்ட்' போடுவதே தீர்வு. விரைவு முறைக்கு மாறிவிட்டால் இது தேவையில்லை என்று எண்ண வேண்டாம். விரைவு முறையின் வேகம், இரு ஸ்விட்ச்கள் ஒன்றுக்கொன்று முன்மொழிந்து ஒப்புக்கொள்வதால் வருவது. கணினி அந்த முன்மொழிவுக்குப் பதில் சொல்லாது என்பதால் அங்கேயும் 30 நொடி ஆகும்.

அறிகுறி: ஒரு போர்ட் அணைந்துவிட்டது, விளக்கு ஆரஞ்சு நிறத்தில் நிற்கிறது

'ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ் எர்-டிசேபிள்ட்' கொடுத்தால் காரணம் தெரியும். 'பிபிடியுகார்ட்' (பிபிடியு வந்தால் போர்ட்டை அணைத்துவிடும் காவல்) என்று இருந்தால், போர்ட்ஃபாஸ்ட் போர்ட்டில் யாரோ ஒரு ஸ்விட்சைப் பொருத்தியிருக்கிறார்கள், அல்லது கேபிள் சுற்றிக்கொண்டு நம் பிபிடியுவே திரும்பி வந்திருக்கிறது. 'லூப்பேக்' என்று இருந்தால், போர்ட் அனுப்பிய கீப்அலைவ் ஃபிரேம் அதற்கே திரும்பியிருக்கிறது. மேசைக்கு அடியில் தேடுங்கள். இரண்டிலும், இடத்துக்கு நேரில் போய்ப் பார்த்துப் பொருளை அகற்றிய பிறகே 'ஷட்டவுன்', 'நோ ஷட்டவுன்' கொடுக்க வேண்டும். தானே மீளும் வசதியை இயக்கினால் 300 நொடிக்கு ஒருமுறை போர்ட் திறந்து பார்க்கும். தொலைவில் உள்ள கிளை அலுவலகங்களுக்கு அது உதவும்; அதே கட்டடத்தில் இருப்போருக்கு அது சோம்பலுக்கே துணைபோகும்.

அறிகுறி: சில நிமிடங்களுக்கு ஒருமுறை எல்லோருக்கும் ஒரு சிறு தடங்கல்

குரல் அழைப்பில் ஒரு விநாடி வெட்டு, தொலைநிலைத் திரையில் ஓர் உறைவு, பிறகு இயல்பு. பதிவுகளில் எதுவும் இருக்காது. இங்கே பார்க்க வேண்டியது மர மாற்றங்களின் எண்ணிக்கை. 'ஷோ ஸ்பேனிங்-ட்ரீ டீட்டெயில்' வெளியீட்டில் ஒவ்வொரு விலேனுக்கும் எத்தனை முறை மாற்றம் நேர்ந்தது, கடைசியாக எவ்வளவு நேரத்துக்கு முன், எந்தப் போர்ட்டிலிருந்து என்று மூன்றும் இருக்கும். கடைசி மாற்றம் சில நொடிகளுக்கு முன் என்று எப்போது பார்த்தாலும் சொல்லுமானால், தடங்கலின் வேர் இதுதான்.

மாற்றம் நேர்ந்தால் ஸ்விட்ச்கள் தாம் கற்ற மேக் முகவரிகளை மறக்கத் தொடங்கும். பழைய முறையில் 300 நொடி வைத்திருக்கும் முகவரியை, அந்தக் காலத்தில் 15 நொடிக்கே வைத்திருக்கும். விரைவு முறையில் உடனேயே துடைத்துவிடும். மறந்த முகவரிக்கு வரும் ஃபிரேமை எல்லாப் போர்ட்களுக்கும் அனுப்ப வேண்டியிருப்பதால், பெரிய நெட்வொர்க்கில் ஒரு நொடி வெள்ளம் பாய்வது போன்ற நிலை உண்டாகிறது.

கோரில் தொடங்கி, வெளியீடு சொல்லும் போர்ட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்விட்சாகக் கீழிறங்குங்கள். பெரும்பாலும் முடிவில் கிடைப்பது போர்ட்ஃபாஸ்ட் இல்லாத ஒரு சாதாரணப் பயனர் போர்ட். தூக்க நிலைக்குப் போகும் மடிக்கணினி மின்சாரம் சேமிக்கத் தன் இணைப்பு வேகத்தைக் குறைக்கும்போது இணைப்பு ஒருமுறை விழுந்து எழும். தளர்ந்த முனை கொண்ட கேபிளும் அப்படியே. போர்ட்ஃபாஸ்ட் இல்லாத இடத்தில் அப்படி ஒவ்வொரு முறை எழுவதும் மர மாற்றமாக ரூட் வரை அறிவிக்கப்படும். ஒரு மேசையில் இருக்கும் தளர்ந்த கேபிள் வளாகம் முழுவதையும் ஒரு நொடி மறக்கச் செய்யும் என்பது நம்புவதற்குக் கடினமாக இருக்கும். எண்ணிக்கையைப் பார்த்த பின் சந்தேகம் இருக்காது. போர்ட்ஃபாஸ்டின் பெரும்பயன் வேகமாகத் திறப்பது என்று பலர் கருதுகிறார்கள். பெரிய நெட்வொர்க்கில், மர மாற்றத்தை அறிவிக்காமல் இருப்பதே அதன் முதற்பயன் என்று நான் சொல்வேன். அதோடு பிபிடியு கார்டையும் சேர்த்தே போட வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று பாதுகாப்பன்று.

அறிகுறி: இரட்டை இணைப்பு இருந்தும், ஒன்று அறுந்தால் அரை நிமிடத்துக்கு மேல் நிற்கிறது

விரைவு முறை எங்கோ இயங்கவில்லை. 'ஷோ ஸ்பேனிங்-ட்ரீ' வெளியீட்டின் தலைப்பில் நெறிமுறை 'ஐஇஇஇ' என்று இருந்தால் பழைய முறை. 'ஆர்எஸ்டிபி' என்று இருக்க வேண்டும். அது சரியாக இருந்தால் போர்ட்களின் வகைப் பத்தியைப் பாருங்கள். 'பியர் எஸ்டிபி' என்று ஒட்டியிருந்தால் எதிர்முனை பழைய முறையில் பேசுகிறது. எதிர்முனையை மாற்றிய பிறகும் இந்தக் குறி நீங்காவிட்டால் 'கிளியர் ஸ்பேனிங்-ட்ரீ டிடெக்டட்-புரோட்டோகால்ஸ்' கொடுக்க வேண்டும். 'எஸ்எச்ஆர்' என்று இருந்தால் இணைப்பு அரை டூப்ளெக்ஸில் (ஒரு நேரத்தில் ஒரு முனை மட்டும் அனுப்பும் நிலையில்) ஓடுகிறது. முன்மொழிந்து ஒப்புக்கொள்ளும் வேகம் அங்கே கிடைக்காது. ஒரு முனையில் வேகத்தையும் டூப்ளெக்ஸையும் கையால் நிறுத்தி, மறுமுனையைத் தானியங்கியாக விட்டதே பெரும்பாலும் காரணம். அரை டூப்ளெக்ஸில் மோதல்களால் பிபிடியுக்களே தொலைந்து, முதல் அறிகுறியில் சொன்ன சுழலும் உண்டாகலாம் என்பதால் இதை ஒத்திப்போட வேண்டாம்.

இந்த அறிகுறியைக் கண்டு டைமர்களைக் குறைக்கத் தோன்றும். கூடாது. 2, 20, 15 என்ற எண்கள், எந்த இரண்டு முனைகளுக்கும் இடையே அதிகபட்சம் 7 ஸ்விட்ச்கள் என்ற அளவை வைத்துக் கணக்கிடப்பட்டவை. ஒன்றன் பின் ஒன்றாக ஸ்விட்ச்களைக் கோத்துக்கொண்டே போவதன் விலை சிறிதன்று. 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ மையத்தில், இந்த அளவைத் தாண்டி வளர்ந்திருந்த நெட்வொர்க் ஸ்பேனிங் ட்ரீ கோளாறால் நிலைகுலைந்து, மருத்துவர்களும் செவிலியர்களும் சுமார் நான்கு நாள் காகிதத்தில் எழுதி வேலை செய்ய நேர்ந்தது. அந்த நிறுவனத்தின் தகவல் துறைத் தலைவராக இருந்த ஜான் ஹலம்கா அதை மறைக்காமல் வெளிப்படையாகப் பேசியதால்தான் பிறரால் பாடம் படிக்க முடிந்தது. உங்கள் வளாகத்தில் கடைக்கோடி ஸ்விட்சிலிருந்து எதிர்க்கடைக்கோடி வரை எத்தனை ஸ்விட்ச்கள் என்று ஒருமுறை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

அறிகுறி: ஒரு விலேன் மட்டும் வேலை செய்யவில்லை, அல்லது ஒரு விலேனில் மட்டும் சுழல்

'ஷோ ஸ்பேனிங்-ட்ரீ இன்கன்சிஸ்டென்ட்போர்ட்ஸ்' கொடுத்துப் பாருங்கள். 'பிவிஐடி' முரண் என்று வந்தால், பல விலேன்களைச் சுமக்கும் டிரங்க் இணைப்பின் இரு முனையிலும் நேட்டிவ் விலேன் (குறியிடாமல் செல்லும் விலேன்) வேறுபடுகிறது. 'டைப்' முரண் என்றால் ஒரு முனை டிரங்க், மறுமுனை ஒரே விலேனுக்குரிய அக்சஸ்.

எதுவும் வராவிட்டால், எம்எஸ்டி என்ற ஸ்பேனிங் ட்ரீ வடிவத்தைப் பயன்படுத்துகிறீர்களா என்று பாருங்கள். எம்எஸ்டி-யில் பல விலேன்கள் ஒரே மரத்தைப் பகிர்ந்துகொள்வதால், ஒரு டிரங்க்கிலிருந்து ஒரு விலேனை மட்டும் நீக்கினால், திறந்திருக்கும் வழியில் அந்த விலேன் இல்லை, அந்த விலேன் உள்ள வழியோ தடுப்பில் இருக்கிறது என்ற நிலை வரும். ஒரு மரத்துக்குரிய விலேன்கள் எல்லாவற்றையும் எல்லா டிரங்க்களிலும் அனுமதிப்பதே வழி. ஒரே எம்எஸ்டி பகுதியில் சேர வேண்டிய ஸ்விட்ச்களில், பகுதியின் பெயர், திருத்த எண், விலேன் பகுப்பு ஆகிய மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பெயரில் ஒரு பெரிய எழுத்து மாறினாலும் ஸ்விட்ச் தனிப் பகுதியாகிவிடும்.

ஒரு விலேனில் மட்டும் சுழல் என்றால், ஸ்விட்ச் தாங்கும் மரங்களின் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். விலேனுக்கு ஒரு மரம் என்ற முறையில், கேட்டலிஸ்ட் 2960 வரிசையின் பல மாடல்கள் 128 மரங்களுக்கு மேல் தாங்கா. அதற்கு மேல் சேர்க்கும் விலேன் ஸ்பேனிங் ட்ரீ இல்லாமலேயே ஓடும். தேவையற்ற விலேன்களை நீக்குவது, அல்லது எம்எஸ்டி-க்கு மாறுவது என இரண்டு வழிகளே உண்டு.

சரிசெய்த பின் சோதிக்கும் முறை

ரூட்டின் பெயர், ஒவ்வொரு ஸ்விட்சிலும் தடுப்பில் நிற்கும் போர்ட், மர மாற்றங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தேதியிட்டு ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள். அடுத்த பராமரிப்பு இரவில், ஒரு கணினியிலிருந்து கேட்வேக்கு நொடிக்கு ஒரு பிங் ஓடவிட்டு, மேல்நோக்கிய முதன்மை இணைப்பைக் கையால் பிடுங்குங்கள். விரைவு முறை சரியாக இருந்தால் ஒன்றோ இரண்டோ பிங் தவறும். முப்பது தவறினால் இரட்டை இணைப்பு பற்றிய அறிகுறிக்குத் திரும்பி, அந்தக் குறிப்பிட்ட இணைப்பின் இரு முனைகளிலும் வகைப் பத்தியைப் பாருங்கள். மீண்டும் செருகும்போதும் எண்ணுங்கள். பிடுங்கும்போது நன்றாக இருந்து, செருகும்போது மட்டும் 30 நொடி நின்ற இணைப்புகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றுள் பெரும்பாலானவற்றில் எதிர்முனை ஸ்விட்ச் பழைய முறையிலேயே இருந்தது.